பத்து மணி நிழல்

எங்கள் வீட்டு மரம் பக்கத்து வீட்டாரின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நாலு வருஷம் அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் பாதிப் பொய்தான். அந்த வீட்டு அக்கா என்னிடம் குறைந்தது பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறார். என் காதில்தான் ஏறவில்லை. காது எனக்கு நன்றாகவே கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு வாங்கிக் குடிவந்தோம். என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு செய்கிற ஒரு பட்டறையில் வார்ப்பட மேஸ்திரி. வீட்டில் முன்னால் இரண்டு அறைக்கு ஓடு, பின்னால் ஓர் அறைக்குத் தகரம். அந்தத் தகர அறையைப் பார்த்ததும் வேண்டவே வேண்டாம் என்றேன். கோடையில் அதற்குள் மனுஷர் இருக்க முடியுமா? ஆனால் வீட்டுக்குப் பின்னால், எங்கள் பக்கம் பொடக்காலி என்று சொல்கிற இடத்தில், மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அப்போது அது சுவரைவிடக் கொஞ்சம்தான் உயரம். "ரெண்டு வருசம் பொறுத்துக்குங்க அம்மணி, தகரத்து மேல குடை புடிச்சாப்பல வந்து நிக்கும்" என்றார் வீட்டை விற்றவர். விற்கிறவர் பேச்சு என்று நினைத்தேன். மரம் அவர் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டது.

அந்த மரம் வளர்ந்த வேகத்தை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் சுவரில் சாய்ந்துகொண்டு தொட்ட கிளையை, தைப் பொங்கலுக்கு நாற்காலி போட்டாலும் தொட முடியவில்லை. அதன் குணமும் விசித்திரம். வெயில் ஏற ஏற இலையை விரிக்கும். பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். பகலிலேயே மேகம் கட்டினாலும் சோம்பி மூடும். எத்தனை மணிக்கு மூடுகிறது என்று அடுப்பங்கரைக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நானும் கொஞ்ச நாள் கவனித்தேன். ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தார். பட்டறையில் உலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளைக் கேலி செய்ய என்ன தகுதி என்று நானும் கேட்டேன்.

சுவருக்கு மேற்கே இருந்த வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். அவர் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமலோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். குடும்பம் ஓடியது அக்காவின் வடகத்தில். அரிசி வடகம், மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல். வாரம் ஒரு முறை ஒருவர் வந்து டின்னில் அடைத்து பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூரில் மெஸ்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கொண்டுபோவார். வடகத்துக்கு வேண்டியது அரிசியும் உப்பும் வெயிலும். முதல் இரண்டையும் கடையில் வாங்கலாம்.

எங்கள் இருவர் பேச்சும் சாயங்காலத்தில், சுவருக்கு மேலேதான். அவர் அந்தப் பக்கம் ஆட்டுக்கல் மேல் ஏறி நிற்பார், நான் இந்தப் பக்கம் துவைக்கிற கல் மேல் ஏறி நிற்பேன். இரண்டு தலைகள் மட்டும் பேசிக்கொள்ளும். நாலு வருஷத்தில் நான் அவர் வீட்டு முன்னறை தாண்டி உள்ளே போனதில்லை, அவரும் வந்ததில்லை. மரியாதைக்காரர்கள் நாங்கள். சொல்லுக்குச் சொல் 'ங்க' போடாமல் எங்கள் ஊரில் நாயைக்கூட விரட்ட மாட்டோம்.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் அக்கா சொன்னார்: "உங்க மரம் நல்லா வளந்துபோச்சுங்க அம்மணி. நெழலு எங்க பொடக்காலி வரைக்கும் வந்துபோட்டுதுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மரத்தை நானே பெற்று வளர்த்த மாதிரி, "உங்களுக்கு இல்லாததுங்களாக்கா, எத்தனை வேணுமோ எடுத்துக்குங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே "ஆகட்டுங்க" என்று இறங்கிப் போனார்.

இன்னொரு நாள், "உங்க ஊட்டுக்காரருக்கு மரம் ஏறத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். ஏணியில் ஏறவே அவருக்குக் கை நடுங்கும் என்று சொல்லி நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வருஷம் ஒரு தட்டு நிறைய வடகம் கொடுத்து, "கொஞ்சம் புளிச்சுப்போச்சுங்க. வெயிலு பத்துலீங்க" என்றார். புளித்த வடகத்தை விற்க முடியாது, அதனால்தான் தெருவுக்கே பங்கு போட்டிருக்கிறார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் சொன்ன பதில்: "எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் புளிப்புன்னா உசுருங்கக்கா."

இதை எழுதும்போது என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. இத்தனைக்கும் நான் சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். வரப்பு மரத்தின் நிழல் அடுத்தவர் வெள்ளாமையில் விழுந்தால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். ஒரு புளியமரத்து நிழலுக்காக என் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பேச்சு வார்த்தையை நிறுத்தி, கல்யாணங்காட்சிக்குக்கூடப் போகாமல் இருந்தார்கள். நிழல் வயலில் விழுந்தால் சண்டை என்று தெரிந்தவளுக்கு, பாயில் விழுந்தால் என்ன என்று தோன்றவில்லை.

நாலாவது வருஷம் சித்திரை மாதம். என் மகள் பிறந்து எட்டு மாதம். ஒரு சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் ஒரு பெரிய கிளை முறிந்து துவைக்கிற கல் மேல் விழுந்தது. துணியை அலசி எடுத்துக்கொண்டு நான் அங்கிருந்து நகர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வேரோட எடுத்துப்போடலாம்" என்றார்.

"அப்ப தகரத்துக்குக் கீழ நீங்க படுங்க, நானும் புள்ளையும் பட்டறையில போய்ப் படுத்துக்கறோம்" என்றேன். பகலில் குழந்தை தூங்குவது அந்த அறையில்தான். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள், மரத்தை எடுக்க வேண்டாம், ஆள் வைத்துக் கிளைகளைக் கழித்துவிடலாம் என்று முடிவாயிற்று.

ஆள் பிடிப்பது சுலபமாக இல்லை. முதலில் விறகுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் மரத்தை அண்ணாந்தே பார்க்கவில்லை. அடிமரத்தைக் கையால் அணைத்துப் பார்த்து, எத்தனை வண்டி விறகு தேறும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கிளையை மட்டும் கழித்தால் போதும் என்றதும் அவர்கள் முகம் வாடிவிட்டது. பிறகு பட்டறையில் யாரோ சொல்லி ஒருவர் வந்தார். வால்பாறைப் பக்கம் டீ எஸ்டேட்டில் நிழல் மரம் கழித்தவராம். அங்கே அந்த வேலைக்குக் கவாத்து என்று பேராம். கவாத்துக்காரர் என்றால் பஸ் ஸ்டாப் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும் என்றார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். அரைக்கால் சட்டை, காதில் பீடி, சைக்கிள் கேரியரில் சுருட்டிய கயிறு, ஒரு ரம்பம், ஓர் அரிவாள். மலையை விட்டு ஏன் இறங்கிவந்தீர்கள் என்று கேட்டேன்.

"அட்டைங்க" என்றார். "ரத்தம் பூரா அதுகளுக்கே கொடுத்துப்போட்டா நாம எதை வெச்சுட்டுப் பொழைக்கறதுங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். வந்தவர் மரத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பொடக்காலியில் குனிந்தபடியே இங்கும் அங்கும் நடந்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து நானும் கூடக் குனிந்து தேட ஆரம்பித்தேன்.

"என்னங்க தேடறீங்க?"

"நெழலுங்க."

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் சுண்ணாம்புத் தூளை எடுத்தார். நிழலின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே கோலப்பொடி தூவுகிற மாதிரி தூவிக்கொண்டே போனார். எனக்கு ஆச்சரியம் பொறுக்கவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன். எஸ்டேட்டில் இப்படித்தான் என்றார். தேயிலைக்கு நிழல் அதிகம் ஆனாலும் கொழுந்து வராது, குறைந்தாலும் கருகிவிடும். அதனால் அங்கே கழிப்பதற்கு முன் துரை மரத்தடியில் நின்று தரையைத்தான் பார்ப்பாராம். "தரையில வெயிலு காசு காசா விழுகோணுமுங்க. மரத்தை வெட்டறது பெரிய வேலை இல்லீங்க அம்மணி. நாங்க வெட்டறது நெழலைத்தானுங்க."

நிழலை வெட்டுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டு மணிக்கு ஒரு கோடு போட்டார். பத்து மணிக்கு மறுபடி போட வேண்டுமென்று சொல்லி, நடுவில் டீ கேட்டு வாங்கிக் குடித்து, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். கூலி கொடுத்து ஒருவரைச் சும்மா உட்கார வைப்பதா என்று வீட்டுக்காரர் உள்ளே முணுமுணுத்தார். அவருக்கு வார்ப்படம் ஆறும் வரை காத்திருக்கத் தெரியும், இதற்குத் தெரியாது.

பத்து மணிக்குக் கவாத்துக்காரர் எழுந்தார். மேற்குச் சுவர் வரை போய் நின்றார். திரும்பி என்னிடம், "நெழலு அக்கட்டாலயும் போயிருக்குதுங்க. நானும் போகோணுமுங்க" என்றார்.

சுவரேறிக் குதித்துவிடுவாரோ என்று பயந்து, "இருங்க, கேட்டுட்டுப் போலாம்" என்று நானும் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் பயம் இல்லை, ஆவல். கோடு எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும்.

தெருவைச் சுற்றிப்போய் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அக்கா கையெல்லாம் மாவோடு வந்தார். நிழலைப் பார்க்க வேண்டும் என்று கவாத்துக்காரர் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது. "பின்னால எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குதுங்களே" என்றார். இருக்கட்டும் என்று நான் முதல் ஆளாகப் பின்பக்கம் போய்விட்டேன். எனக்கு அவசரப் புத்தி.

அவர்கள் பொடக்காலி எங்களுடையதைவிடப் பெரியது. அது முழுக்க நிழல். எங்கள் மரத்து நிழல். எங்கள் பக்கம் நான் நாலு வருஷமாக ரசித்தது அதில் பாதிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. மேற்குக் கோடியில், கக்கூஸ் சுவரை ஒட்டி, ஒரு பாய் அகலத்துக்கு வெயில். அதில் நாலு பாய்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி நெருக்கி விரித்து வடகம் பிழிந்திருந்தது. பக்கத்தில் அக்காவின் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் காக்கை விரட்டுகிற குச்சி. எங்களைப் பார்த்து "வாங்க" என்றார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்ததும் எழுந்து, ஒரு பாயின் முனையைப் பிடித்து முழ அளவுக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்தார். வெயில் நகர்ந்திருந்தது. பாயும் நகர வேண்டும். நாங்கள் நின்ற நேரத்துக்குள் மூன்று முறை எழுந்து இழுத்தார். ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிற்று.

கவாத்துக்காரர் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போனார். சுவரில் தொடங்கி, கிணற்றடியைச் சுற்றி, ஆட்டுக்கல்லைத் தாண்டி, கக்கூஸ் சுவருக்கு ஒரு பாய் தூரம் முன்னால் வந்து கோடு திரும்பியது. நிழல் என்பது சும்மா கிடக்கிற வரையில் நிழல்தான். அதைச் சுற்றி வெள்ளையாகக் கோடு போட்டதும் யாரோ வந்து இடத்தை அளந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டது நான்.

"ஏனுங்கக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. தப்பு செய்தவளுக்குத்தான் முதலில் கோபம் வரும் போலிருக்கிறது.

அக்கா கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்துக்கொண்டே, "சொன்னேனுங்களே அம்மணி" என்றார். அவ்வளவுதான். அதில் குத்தல் இல்லை, குறை இல்லை. எப்போதும் போல மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் வெட்கமாக இருந்தது. வளர்ந்துபோச்சுங்க என்றது, மரம் ஏறத் தெரியுமுங்களா என்றது, வெயிலு பத்துலீங்க என்றது, ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றது. நான் சொன்ன பதில்களும் கூடவே வந்தன.

திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்ததும் கவாத்துக்காரர் முதல்முறையாக மரத்தை அண்ணாந்து பார்த்தார். எங்கள் பக்கம் கிளையை வாது என்போம். அடுத்த வீட்டுப் பக்கம் தாழ்வாக நீட்டியிருந்த வாதுகளை எடுத்துவிடலாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் அது பத்தாது என்றார். நடுவில் மேலே ஏறிப் பிரிந்து நின்ற பெரிய வாது ஒன்றைக் காட்டினார்.

"பத்து மணி நெழலு அதோடதுங்க. அதை எடுத்தாத்தான் அவங்களுக்கு வெயிலு. ஆனா மூணு மணிக்கு உங்க தகரத்து மேல விழுகற நெழலும் அதோடதுதானுங்க. ரெண்டும் ஒரே வாது."

வீட்டுக்காரர் தகரத்தைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். சில நாளுக்கு முன் வேரோடு பிடுங்கச் சொன்னவர், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நினைத்துத் தயங்கினார். "அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்" என்றார்.

கேட்டேன். துவைக்கிற கல்லில் ஏறி, "அக்கா, அந்தப் பெரிய வாதை எடுத்துப்போடலாமுங்களா?" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் தலை எழும்பியது. "ஐயோ, அதெதுக்குங்க. கைக்கொழந்தைய வெச்சுட்டு நீங்க வெக்கையில எப்பிடிங்க இருப்பீங்க? நெழலு நல்லாத்தானுங்க இருக்குது. நாங்க எப்பிடியோ பாத்துக்கறமுங்க."

வீட்டுக்காரர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அவங்கதான் வேண்டாங்கறாங்களே" என்றார். கவாத்துக்காரர் அதற்குள் கயிற்றை இடுப்பில் கட்டி, இரண்டு கவைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து இரண்டு வீட்டையும் அவரால் பார்க்க முடிந்தது. எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்தபடி, "சட்டுனு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு மத்தியானம் இன்னொரு எடத்துல வேலை இருக்குதுங்க" என்றார்.

ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அந்த 'வேண்டாம்' என்ற பதிலைப் பிடித்துக்கொள்ள ஆசைதான். கேட்டோம், வேண்டாம் என்றார்கள், நம் மேல் தப்பில்லை. ஊரே மெச்சும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பாய் இழுபடுகிற சத்தமும் அதன் பின்னாலேயே இருமலும் கேட்டது. நாலு வருஷமாகக் கேட்டிருக்க வேண்டிய சத்தம். நான் என் வாழ்க்கையில் முதல்முறையாக, 'ங்க' போடாமல், யாரிடம் சொல்கிறேன் என்றும் பார்க்காமல், "வெட்டு" என்றேன்.

மரத்தின் மேல் இருந்தவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆகட்டுங்க" என்றார்.

அவர் வேலை செய்ததைப் பார்க்கவே அழகாக இருந்தது. முதலில் வாதின் நுனிப்பக்கம் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலே ஒரு கவையில் போட்டு, கீழே வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். ரம்பத்தை மேலிருந்து போடவில்லை. வாதுக்கு அடியில் போட்டுக் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம் மேலே வந்தார். ஏன் அப்படி என்று கீழேயிருந்து கத்தினேன். மேலிருந்தே அறுத்தால் பாரம் தாங்காமல் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும் என்றார். கயிறு ஏன் இரண்டு சுற்று, அரிவாள் ஏன் கையில் இல்லாமல் முதுகில், வெட்டின இடத்தில் ஈரம் வழிகிறதே அது என்ன என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலாவது கேள்விக்கு அவர் எரிச்சலாகி, "ஏனுங்க அம்மணி, நீங்களும் ஏறி வாங்களேன்" என்றார். அப்புறம்தான் வாயை மூடினேன்.

வாது சத்தமில்லாமல் இறங்கியது. அத்தனை பெரியது கயிற்றில் தொங்கி, ஆடி, தரையில் மெதுவாகப் படுத்தது. இலையெல்லாம் அரை மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டன. வெட்டின வாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவரும் அதையேதான் பூசினார். எஸ்டேட்டில் தார் பூசுவார்களாம், அது தனக்குப் பிடிக்காதாம். கழித்த வாதை அக்கா வீட்டுக்கே விறகுக்குக் கொடுக்கச் சொன்னேன். அதையும் அக்கா மூன்று முறை வேண்டாமுங்க என்றார். அதற்குள் எனக்குக் கொஞ்சம் பாஷை பழகியிருந்தது. கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரச் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுவரில் எட்டிப் பார்த்தேன். பொடக்காலியில் பாதிக்கு மேல் வெயில். ஒன்பது பாய் விரித்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலை ஆட்டுக்கல் பக்கம் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, குச்சியை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து எந்தப் பாயையும் இழுக்க வேண்டிய வேலை அவருக்கு இல்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அன்று மூன்று மணிக்கு எங்கள் தகர அறை அடுப்பாயிற்று. அதைச் சொல்லாமல் விட்டால் கதை இனிக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. தரையில் தண்ணீர் தெளித்தேன். சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னறை, பின்னறை, வாசல் என்று அலைந்தேன். மூன்றாம் நாளுக்குள் அவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை அவர் எனக்குக் கேட்கிற மாதிரி செய்வார்.

நாலாம் நாள் மத்தியானம் அக்கா சுவருக்கு மேலே பேசாமல், தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். முதல்முறையாகப் பின்னறை வரை வந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "உள்ள வெக்கை எப்பிடிங்க அம்மணி இருக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்கக்கா. நல்லாத்தானுங்க இருக்குது. முன்னைக்கு இப்பக் காத்துகூட வருதுங்க" என்றேன். வாது போனதற்கு நான் முகம் சுளித்ததாக அவர் நினைத்துவிடக் கூடாது. அதோடு, வேறு என்ன சொல்வது? கேட்டால் அப்படித்தானே சொல்வோம்.

அக்கா குழந்தையின் கழுத்தைத் துடைத்தார். தகரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரிங்க. வாரேனுங்க" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது பின்னால் தகரத்தில் தடதடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கவாத்துக்காரர் கூரை மேல் நிற்கிறார். கீழே ஒரு மாட்டுவண்டி நிறைய முடைந்த தென்னங்கீற்று. வண்டிக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, இவர் தகரத்து மேல் இரண்டு அடுக்காகப் பரப்பிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் அண்ணன் தோட்டத்துக் கீற்றாம். விடியக்காலையில் வந்து இறங்கியதாம்.

"யாருங்க இதைச் செய்யச் சொன்னது?" என்றேன்.

"அக்கட்டால ஊட்டு அம்மாதானுங்க. உள்ள வெக்கை தாங்க முடியலீன்னு நேத்து நீங்க சொன்னீங்களாமுங்க."

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லீங்களே. நல்லா இருக்குதுன்னுதானுங்க சொன்னேன்."

கவாத்துக்காரர் கீற்றைக் கட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடித்தானுங்க சொன்னீங்கன்னு அவங்களும் சொன்னாங்க" என்றார்.

நான் சுவரோரம் போனேன். அந்தப் பக்கம் வெயிலில் முதுகு தெரிய அக்கா குனிந்து வடகம் பிழிந்துகொண்டிருந்தார். அவர் எனக்குச் சொன்னது என் காதில் ஏற நாலு வருஷம் ஆயிற்று. நான் அவருக்குச் சொல்லாதது ஒரே நாளில் கேட்டுவிட்டது. கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். என்ன சொன்னாலும் அவர் வேண்டாமுங்க என்றுதான் சொல்வார் என்று தோன்றியது. அடுப்பில் கஞ்சி பொங்குகிற வாசனை வரவே உள்ளே ஓடினேன்.